மூன்றாவது டிரம்பெட்காரர் கங்கப்பன்

ராயக்கோட்டை சாலையில் எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் சொல்வார்கள், கங்கப்பன் டிரம்பெட்டை வாயில் வைத்தால் மாப்பிள்ளை அழைப்பு முடிகிறவரை மூச்சே விடமாட்டார் என்று. கோயில் வாசலில் ஆரம்பித்து மண்டப வாசல் வரைக்கும் ஒரே இழுப்பு. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கூடவே நடக்கும். செல்போனில் படம் எடுப்பார்கள். பெண் வீட்டு மாமன்கள் போட்டி போட்டுக்கொண்டு அவர் தோளில் துண்டு போடுவார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையே அவர்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அது சுத்தப் பொய் என்று எனக்குத் தெரியும். நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்று கிளாரினெட் வாசிக்கிறவன். கிளாரினெட்காரனை யார் படம் எடுக்கிறார்கள்? அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் நிதானமாகப் பார்க்க எனக்கு வசதி உண்டு.

விஷயம் இதுதான். மூச்சு தீரப்போகும் நேரத்தில் கங்கப்பன் இடது முழங்கையை லேசாகத் தூக்குவார். அவருக்குப் பின்னால் இரண்டாவது டிரம்பெட்டோடு நிற்கும் பிரேம்குமார் அதே சுரத்தில், அதே சத்தத்தில் உள்ளே நுழைந்து பாட்டைப் பிடித்துக்கொள்வான். கங்கப்பன் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல், விரல்களைச் சும்மா ஆட்டிக்கொண்டு, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே வருவார். அவர் வந்ததும் பிரேம் நிறுத்திக்கொள்வான். ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாது. நிறைய பேண்டுகளில் இப்படி மூச்சு மாற்றுவது உண்டு. ஆனால் பிரேம் அளவுக்குத் தடயமில்லாமல் செய்கிறவனை நான் பார்த்ததில்லை.

பிரேம் வேறு யாருமில்லை, கங்கப்பனின் மனைவி மாதேஸ்வரியின் தம்பி. அக்கா கல்யாணத்தின்போது அரை டிராயரில் இருந்தவன். ஊதக் கற்றுக்கொடுத்து பேண்டில் சேர்த்துவிட்டது கங்கப்பன்தான். மாமா என்றால் அவனுக்கு அப்படி ஒரு மரியாதை. பகலில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, முகூர்த்த நாளில் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவருடைய மூச்சாக இருப்பது. கங்கப்பனும் இன்னொரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறார். அங்கேயும் அவரை "மூச்சு விடாத கங்கப்பன்" என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பிவிட்டார். முழங்கையைத் தூக்குவதுகூட அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ.

போன புரட்டாசியில், கல்யாணங்கள் இல்லாமல் பேண்ட் சாமான்கள் ஷெட்டில் தூசி படிந்து கிடந்தபோது, பெங்களூரிலிருந்து ஜெசிந்தா மேடம் வந்தார். ஒல்லியான அம்மா, நரைத்த குட்டை முடி, கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. ஆரட்டோரியோ என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். நாடகம் மாதிரி கதை உண்டு, ஆனால் வேஷமும் கிடையாது, நடிப்பும் கிடையாது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்று பாடுவார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்பு ஜெர்மனியில் ஒரு தேவாலயத்துக்காக எழுதியதாம். ஏசு பிறந்த கதை. அதை அந்தக் காலத்து வாத்தியங்களை வைத்தே வாசிக்க வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம். ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பு போட்ட வயலின், மரப் புல்லாங்குழல், ஹார்ப்சிகார்ட் என்று பியானோவுக்குப் பாட்டன் முறையான ஒரு பெட்டி, பட்டன் இல்லாத டிரம்பெட் மூன்று. மார்கழியில் ஓசூர் தேவாலயத்தில் ஒருநாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒருநாள். கிறிஸ்துமஸ் நேரத்தில் பெங்களூர் டிரம்பெட்காரர்களில் ஒருவரைத் தவிர யாருக்கும் ஒழிவில்லை. மார்கழியில் சும்மா இருக்கிறவர்கள் நம்மூர்க் கல்யாண பேண்ட்காரர்கள்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"கிளாரினெட் வேணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"இந்தப் பாட்டு எழுதுன காலத்தில அத யாரும் சேத்துக்கல" என்றார்.

முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே என்னை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் என்னிடம் டாடா ஏஸ் சரக்கு வண்டி இருக்கிறது, பிழைப்பே அதுதான். ஹார்ப்சிகார்டை அத்திப்பள்ளி தாண்டி ஏற்றிவர ஆள் வேண்டும் என்றார். வாசிக்க லாயக்கில்லாதவன் சுமக்க லாயக்கானவன் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். அதனால் எல்லா ஒத்திகையிலும் நான் இருந்தேன்.

தேர்வு எங்கள் ஷெட்டிலேயே நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். நான் என் கிளாரினெட் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே இருந்தேன். கங்கப்பன் தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போடும் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். டிரம்பெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளக் குழாய், இரண்டு வளைவு, அவ்வளவுதான்.

"பட்டன் எங்கம்மா?"

"பட்டன் இல்ல. எல்லாம் உதடுதான்."

கீழ்ச் சுரங்களை நன்றாகவே ஊதினார். மேலே போகப் போகக் குழாய் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு மேடம் ஒரு நீளமான பகுதியைப் பாடிக்காட்டி நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். பாதியில் கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது. அப்போது அவருடைய இடது முழங்கை தானாக மேலே போனது.

பின்னால் யாரும் இல்லை. பிரேம் வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். சத்தம் அப்படியே நின்றது. கங்கப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவரும் பெரிய டிரம்மும்தான் இருந்தன. முழங்கை தூக்கினபடியே இருந்தது.

"கை வலிக்குதா?" என்று கேட்டார் மேடம். "சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில் சொன்னவர், "போதும்" என்றார்.

அடுத்து பிரேம் வந்தான். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவனுக்கு அந்தக் குழாய் புதிதே இல்லை. திருவிழாவில் சாமி புறப்படும்போது ஊதும் கொம்புக்கும் பட்டன் கிடையாது. அதை ஊதுவது தன் தகுதிக்குக் குறைச்சல் என்று சொல்லி அந்த வேலையை அவன் தலையில் கட்டியதே கங்கப்பன்தான். பிரேம் உச்சிச் சுரத்தைத் தொட்டபோது மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வெளியே கங்கப்பன் ஷெட்டுச் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரேம் முதல் டிரம்பெட். பெங்களூரில் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டாவது. கங்கப்பன் மூன்றாவது. "மூணு பேருமே முக்கியம்" என்றார் மேடம். யாராவது இப்படிச் சொன்னால் யார் முக்கியமில்லை என்பது கடைசிப் பெயருக்குத் தெரிந்துவிடும்.

கங்கப்பன் அன்றைக்கே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அவர் விட்டால் பிரேம் அவர் இல்லாத இடத்தில் ஊதுவான், என்ன ஊதினான் எப்படி ஊதினான் என்று அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அது இன்னும் கொடுமை. பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரிவதே மேல் என்று முடிவு செய்திருப்பார்.

எரிந்தார் என்றால் அப்படி இப்படி இல்லை. ஒத்திகைக்கு முன்பு பிரேம் உதட்டில் நெய் தடவினால், "சினிமாக்காரி கெட்டா" என்பார். மேடம் பிரேமுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தால் யாருக்கு முதலில் கொடுத்தார் என்று பார்ப்பார். ராணுவ பேண்ட்காரர் பிரேமிடம் சந்தேகம் கேட்டால், அந்த ஆளோடு அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்கும் சாப்பாடு. மாதேஸ்வரி கெலவரப்பள்ளி அணை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். தலைத்துண்டு தம்பி தட்டுக்குப் போனது.

"எப்பவும் அது எனக்குத்தான வரும்" என்றார் கங்கப்பன்.

"ஒங்களுக்குப் பல்லு ஆடுதுன்னு நேத்துதான சொன்னீங்க?"

"பல்லு ஆடுனா தல போயிருமா?"

பிரேம் மீன் தலையை மாமாவின் தட்டுக்கு மாற்றினான். கங்கப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். மாதேஸ்வரி ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டும் வேலைக்குப் போகிறவர். முள் குத்திப் பழகிய கை, பேச்சும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

"எந்தம்பிக்கு ஊதக் கத்துக் குடுத்ததே நீங்கதான? அவன் முன்னுக்கு வந்தா ஒங்களுக்கு என்னா போச்சி?"

"முன்னுக்கு வரட்டும்டி. எனக்கு முன்னால எதுக்கு வர்றான்?"

மறுநாள் மாலையில் என்னை அணைக்கரைக்கு வண்டி எடுக்கச் சொன்னார். தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டு பிரேமின் பகுதியை ஊத ஆரம்பித்தார். பட்டன் இல்லாத குழாயில் உச்சிச் சுரம் என்பது இருட்டில் ஆணியை அடிப்பது மாதிரி. ஒரு தடவை விழும், ஒன்பது தடவை விரலில் படும். உதடு வீங்கிவிட்டது. மாடு மேய்க்கிறவர்கள் சிரித்தார்கள். "ஒருக்கா, இன்னும் ஒருக்கா" என்று ஊதிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை வருடமாகக் கிளாரினெட் என்று ஒன்று இருப்பதையே திரும்பிப் பார்க்காத மனிதர்.

ஒத்திகைகளில் மேடம் உயிராக நினைத்த இடம் ஒன்று உண்டு. நடுவில் ஆண் குரல் பாடும் ஒரு பாட்டு. கூட முதல் டிரம்பெட் மட்டும்தான். மற்ற இரண்டு டிரம்பெட்டும் மடியில் இருக்கும். அந்தப் பாட்டின் பாதியில் குரலும் டிரம்பெட்டும் வயலின்களும் சட்டென்று நின்றுவிடும். மேடத்தின் கை அந்தரத்தில் நிற்கும். ஒரு மூச்சு நேரம் எதுவுமே கேட்காது. பிறகு கை இறங்கும், பாட்டு தொடரும். "இந்த மௌனத்தையும் அவர் எழுதித்தான் வச்சிருக்கார். யாரும் தொடக் கூடாது" என்பார் மேடம். ஆட்டு நரம்பு இறங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வயலின்காரர் அந்த இடத்தில் தந்தியை லேசாகச் சுண்டினார். இரண்டாவது தடவையும் சுண்டினார். மேடம் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கங்கப்பனுக்கு அந்த மௌனம் கடைசிவரை புரியவில்லை. ஊர்வலத்தில் பேண்ட் சத்தம் நின்றால் அது மாப்பிள்ளை வீட்டுக்கே அவமானம். "பாட்டு அந்து போன மாரி இருக்குது கோயிந்தப்பா. இதுக்கா இம்புட்டுப் பேரு கூடியிருக்கோம்?" என்று என்னிடம் கேட்டார்.

மார்கழிப் பனியில் கச்சேரி நாள் வந்தது. தேவாலயத்தில் இடமில்லாமல் கம்பெனி அதிகாரிகள், பெங்களூர்க்காரர்கள், எங்கள் பேண்ட் பையன்கள், மாதேஸ்வரியின் தோட்டத்துப் பெண்கள் என்று எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குளிருக்கு நரம்புகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆரம்பத்தில் மூன்று டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாரியம்மனுக்கு ஊதின அதே உதடுகள்தான். சாமி எதுவானால் என்ன?

அதன்பிறகு டிரம்பெட்டுகளுக்கு வேலையே இல்லை. கதை நடந்தது. மேய்ப்பர்கள் வந்தார்கள், தேவதூதன் வந்தான். எல்லாம் ஜெர்மன் மொழியில். கங்கப்பன் சிவப்புக் கோட்டு இல்லாமல், வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டில், குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை ஜனங்களுக்கு முன்னால் அவ்வளவு நேரம் அவர் ஊதாமல் இருந்ததே இல்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த ஆண் குரல் பாட்டு வந்தது. பிரேம் எழுந்து நின்றான், ஒரு கை இடுப்பில். ஊதினான். அந்த மாதிரி அவன் ஊதி நான் கேட்டதில்லை. மாமாவின் சத்தத்துக்கு ஒட்டுப் போட்டே பழகியவனுக்கு இப்படி ஒரு சொந்தச் சத்தம் உள்ளே இருந்திருக்கிறது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கங்கப்பன் கூட்டத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் பிரேமைப் பார்த்தார்.

மௌனம் வந்தது. எல்லாம் நின்றது. மேடத்தின் கை மேலே நின்றது. பிரேம் குழாயை இறக்கி மூச்சு இழுத்தான்.

கங்கப்பன் குழாயை வாய்க்குக் கொண்டுபோய் ஊதினார். பிரேம் அதற்கு முன் வாசித்த அதே வரியைக் கீழ்ச் சுரத்தில், கல்யாண ஊர்வலத்துக்கு ஊதுகிற சத்தத்தில், முழுசாக ஊதி முடித்தார். பழக்கதோஷம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் ஹார்ப்சிகார்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் கண்ணைப் பார்த்தேன்.

பாடகர் திகைத்துத் திரும்பினார். மேடத்தின் கை மேலேயே நின்றது. அப்போது பிரேம் குழாயைத் தூக்கி, அந்த வரியையே மறுபடி, மேல் சுரத்தில், தூரத்து மலையிலிருந்து வருகிற மாதிரி மெதுவாக வாசித்தான். கீழே ஒருவர் கேட்க மேலே ஒருவர் பதில் சொல்வதுபோல் ஆகிவிட்டது. மேடத்தின் கை இறங்கியது. பாட்டு தொடர்ந்தது. இப்படித்தான் எழுதியிருக்கிறது போல என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் ஒரே கைதட்டல். "அந்த எதிரொலி பிரமாதம்" என்று ஒரு கம்பெனி மேனேஜர் மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடம் சிரித்துக்கொண்டே நாங்கள் இருந்த உள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது. தம்பிக்கு முறுக்கு கொண்டுவந்த மாதேஸ்வரி ஓரமாக நின்றார்.

"அந்த மௌனத்தை யாரு கெடுத்தது? எனக்குத் தெரியணும்."

யார் ஊதியது என்று அவருக்குத் தெரியும். ஏன் என்றுதான் கேட்டார். கங்கப்பன் வாயைத் திறப்பதற்குள் பிரேம் முன்னால் வந்தான்.

"நாந்தான் மேடம். மாமாவ ஊதுங்கன்னு நாந்தான் சொன்னேன். எதிரொலி மாரி வெச்சா நல்லாருக்கும்னு நெனச்சேன். மாமா மேல தப்பில்ல."

மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. "அப்படின்னா பெங்களூருக்கு நீ வேண்டாம், பிரேம். முதல் டிரம்பெட் ராணுவக்காரர் வாசிக்கட்டும். அவருக்கு அவ்வளவு வராது. பரவாயில்ல."

பிரேமின் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் தலையை ஆட்டினான். மாதேஸ்வரி புருஷனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். புரட்டாசியிலிருந்து அவர் ஏங்கியது கையில் வந்து விழுந்துவிட்டது. பிரேம் இல்லை. இனி அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். நின்றார். நானும் அவர் நின்றுவிடுவார் என்றே நினைத்தேன்.

"பொய் சொல்றான் மேடம்" என்றார் கங்கப்பன்.

"மாமா, சும்மா இருங்க."

"நீ சும்மா இருடா. இவன் ஒன்னும் சொல்லல மேடம். நானாத்தான் ஊதுனேன். இவன் ஊதறதயும் ஜனங்க அழுவறதயும் பாத்துக்கிட்டுக் குந்தியிருக்க முடியல. வயிறு எரிஞ்சிது. கெட்டுப்போவட்டும்னுதான் ஊதுனேன்."

மேடம், பெங்களூரில் பிரேம்தான் முதல் டிரம்பெட் என்றும், மூன்றாவதுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு வெளியே போனார். மாதேஸ்வரி முறுக்குப் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார்.

ஜனங்கள் கலைந்த பிறகு ஹார்ப்சிகார்டை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நான் தார்ப்பாயை விரித்தேன். பெட்டியின் ஒரு முனையில் கங்கப்பன், மறு முனையில் பிரேம். இருவரும் குனிந்து பிடித்துக்கொண்டார்கள். யாரும் தூக்கவில்லை.

"எதுக்கு மாமா ஒத்துக்கிட்டீங்க?" என்றான் பிரேம். "நான் பாத்துக்கிட்டிருப்பேன்ல?"

"பாத்துக்குவ. இத்தினி வருசமா நீதான பாத்துக்கிட்ட." கங்கப்பன் நிமிரவில்லை. "நான் ஊதுனேன் நான் ஊதுனேன்னு ஊரு சொல்றதுல பாதி நீ ஊதுனது. இன்னிக்கி ஒன்னுதான்டா முழுசா நான் ஊதுனது. அதயும் ஒம்பேர்ல எழுதிக்கப் பாக்கறியா? ம், தூக்கு."